மழைக்கு வரும் வாடை

வீடு வாங்குவதானால் மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான். நான் பார்க்கப் போன நாளில் சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. கடல் காற்று முன்வாசலில் நுழைந்து முற்றத்து வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஹபீப் முகம்மது தேநீர் கொடுத்தார். அவர் விரலிடுக்கில் சிகரெட் இருந்தது. ஆள் போனால் புகையும் போய்விடும் என்று இருந்துவிட்டேன்.

எனக்கு அத்தர் வியாபாரம். சூலியா தெருவில் மூக்கு சுலைமான் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கடையைக் காட்டும். கண்ணைக் கட்டிவிட்டு எந்தப் புட்டியை நீட்டினாலும் என்ன பூ, எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவேன். என் மூக்கு இதுவரை பொய் சொன்னதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஹபீப் முகம்மது கப்பலேறிச் சொந்த ஊரான நாகூருக்கே திரும்பிப் போவதற்காக வீட்டை விற்றார். விலையில் தாராளமாக விட்டுக்கொடுத்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு. அவருடைய அண்ணன் அப்துல் காதர் மாடிப் பின்னறையில் கடைசிக் காலம்வரை இருந்துகொள்ள வேண்டும். கண் மங்கிப்போன மனிதர், கப்பல் பயணம் தாங்க மாட்டார்.

"நானாவால ஒரு தொந்தரவும் இருக்காதுலா. சோறு போட்டாப் போதும்" என்றார். எங்களில் அண்ணனை நானா என்போம்.

சரி என்று கைகொடுத்தேன். கீழே முன்பக்கம் கடை, பின்பக்கம் நானும் என் மனைவி ஹமீதாவும், மாடியில் அப்துல் காதர் நானா. சுவர்களுக்கெல்லாம் நானே நின்று சுண்ணாம்பு பூசினேன்.

முதல் மழையோடு வாடை வந்தது. படிக்கட்டில், அலமாரிக்குள், மடித்து வைத்த கைலியில், எல்லா இடத்திலும் ஊறிப்போன சிகரெட் வாடை. அத்தருக்கு அடிப்படையான சந்தன எண்ணெய் பக்கத்தில் இருக்கும் எந்த வாடையையும் வாங்கிக்கொள்ளும் சரக்கு. மகள் கல்யாணத்துக்கு என்னிடம் அத்தர் வாங்கிப்போன நோர்மா என்ற மலாய்க்கார அம்மாள் புட்டியோடு திரும்பி வந்தாள். மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேராகப் பிடித்து, "பாவ் ரோக்கோ" என்றாள். சிகரெட் நாற்றம் என்று அர்த்தம். கடையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்று அந்த அவமானத்தில் பட்ட வேதனையைப் பெற்ற தகப்பன் செத்தபோதுகூட நான் பட்டதில்லை. அத்தர்க்காரனின் மூக்குக்குப் பெயர் கெட்டால் அவன் வேறு தொழிலும் பார்க்க முடியாது.

மாடிக்குப் போனேன். நானா கட்டிலில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது.

"இந்த நோன்போட விட்டுர்றேன் தம்பி. அல்லா மேல ஆணை. பகல் முழுக்க இல்லாம இருக்க முடியுதுன்னா அப்புறம் ஏன் முடியாது?" என்றார்.

சொன்னபடியே நோன்பு தொடங்கியதும் விட்டார். பெருநாளன்று காலியான சிகரெட் தகர டப்பாவைக் கொண்டுவந்து, "அரிசி அளக்க வச்சுக்கம்மா" என்று ஹமீதாவிடம் கொடுத்தார். அவரை எனக்குப் பிடித்திருந்தது. "உங்க மூக்கை ஒரு நாளைக்கு இரவல் குடுங்க தம்பி, என் செருப்பு எங்க கிடக்குதுன்னு தேடணும்" என்று கிண்டல் செய்வார். அந்த வெயில்காலம் முழுக்க வீடு வீடாக இருந்தது. நோர்மா அம்மாள்கூட ஒரு முறை வந்து எட்டிப் பார்த்தாள்.

அடுத்த மழையில் வாடை திரும்ப வந்தது.

மாடிக்குப் போய்க் கேட்டேன். அவர் சத்தியமாக இல்லை என்றார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, "மோந்து பாருங்க தம்பி" என்றார். நான் பார்க்கவில்லை. கழுவிய கையை முகர்ந்து என்ன ஆகப்போகிறது. ஹமீதா அவர் பக்கம் நின்றாள்.

"அவரு தொட்டே மாசக்கணக்காச்சு மச்சான். சுவருல ஊறிக் கிடந்ததுதான் ஈரத்துக்கு வெளிய வருது. பழசைச் சுரண்டாம மேலேயே சுண்ணாம்பு பூசினீங்கல்ல?"

பெண்களுக்கு வயதானவர்கள் மேல் இரக்கம் அதிகம். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுவர் ஆணையிடுவதில்லை, ஐயா. ஆணையிட்டவர் அவர்தான். புகைத்ததற்காக எனக்குக் கோபம் இல்லை, அல்லாவின் பெயரைச் சொல்லிவிட்டுப் புகைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடி கிடையாது. மேலே உத்தரத்தில் ஒரு கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் நானா தினமும் விடியற்காலைச் சுபுஹுத் தொழுகைக்கு இறங்குவார். முதலில் கயிற்றைத் துழாவிப் பிடிப்பார், பிறகு உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் சாய்த்துக் காலை எடுத்து வைப்பார். அவர் கண்ணே அந்தக் கயிறுதான். ஒரு நாள் இரவு நான் அதன் முடிச்சை அவிழ்த்து, பார்வைக்கு முன்போலவே தெரியும்படி உத்தரத்தின்மேல் போட்டு வைத்தேன்.

விடியலில் பாங்கு சொன்னபோது நான் கடையில் ரோஜா அத்தரைப் புட்டிகளில் ஊற்றிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. கையில் இருந்த புட்டியை நிரப்பி மூடிவிட்டுப் போனேன். பாதியில் விட்டால் வாசனை இறங்கிவிடும்.

படிக்கட்டின் அடியில் கிடந்தார். உயிர் இருந்தது. கயிறும் அவர் கையிலேயே இருந்தது. நான் குனிந்து அவர் வாய்க்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனேன். நான் எதற்கு வந்தேன் என்பதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"கலிமா சொல்லிக் குடுங்க தம்பி" என்றார்.

சாகிறவர் காதில் கலிமா சொல்வது எங்களில் யாரும் யாருக்கும் மறுக்காத கடமை. பகையாளிக்கும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கலாம் என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஆனால் பேசிக்கொண்டே சரியாக முகர முடியாது. வாயை முகர்ந்தேன். விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தேன். வெற்றிலையும் சவுக்காரமும்தான் இருந்தன. நான் அடுத்த கைக்குப் போவதற்குள் அவர் அடங்கிவிட்டார்.

கயிற்றைப் பழையபடி கட்டிவிட்டுத்தான் ஹமீதாவை எழுப்பினேன். கண் தெரியாத மனிதர், மழை ஈரம், படி வழுக்கிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். மையித்தை அடக்குவதற்குக் கற்பூரமும் அத்தரும் என் கடையிலிருந்தே போயின. கபன் துணி சுற்றுவதற்கு முன்னால் நெற்றியிலும் உள்ளங்கையிலும் என் கையாலேயே பூசினேன். அப்போதும் முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. நன்றாகக் குளிப்பாட்டியிருந்தார்கள்.

அடக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால் வாடை அப்படியே இருந்தது. அவர் அறையைக் கழுவினேன், கட்டிலை எரித்தேன், வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டேன். பாங்கு சொல்லும் நேரத்தில் படிக்கட்டுப் பக்கம் இன்னும் கூடுதலாக வருகிறது. அந்த நேரத்தில் கயிறு தொய்வில்லாமல், யாரோ பாரத்தைச் சாய்த்த மாதிரி விறைத்து நிற்கிறது. நான் பயந்தவன் இல்லை, ஆனால் அந்தப் பக்கம் போகப் பயமாக இருக்கிறது. ஒரு நாள் ஹமீதா, "அன்னைக்கு அவரு காதுல கலிமா சொன்னீங்கதானே?" என்று கேட்டாள். நான் சாம்பிராணித் தட்டை எடுத்துக்கொண்டு கடைக்குள் போனேன். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு படகேறி அக்கரையில் பட்டர்வொர்த்தில் உள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் வந்தேன். கயிற்றை அவிழ்த்தது நான்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அவர் ஆணையை மீறியவர் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு தவறும் செய்யாத மனிதரை நான் கொன்றேன் என்று நாளைக்கு ஊர் பேசக்கூடாது.

ஒரு சின்ன விஷயம், ஐயா. வெளியே மழை, சன்னலைச் சாத்தியிருக்கிறீர்கள். சிகரெட்டை அணைத்துவிட்டால் நல்லது. இல்லை, நீங்கள் புகைக்கவில்லை என்கிறீர்கள். இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டுகிறீர்கள்.

அவரும் இப்படித்தான் காட்டினார்.