சக்கர நாற்காலியை விட்டு எழுந்த ஜனாதிபதி

இரண்டாயிரமாம் ஆண்டு மார்ச் மாதம். லண்டனில், அகதி விண்ணப்பம் போட்டவர்களுக்கான மருத்துவப் பரிசோதனைக்குக் காத்திருந்தோம். எனக்கு முன் வரிசையில் கைத்தடியோடு ஓர் இலங்கைத் தமிழர்; பக்கத்தில் அவருக்குத் துணைக்கு வந்த சிநேகிதர்.

“சிலிக்காரன் எழும்பி நடந்திட்டானாம், அண்ணை!” என்றார் சிநேகிதர்.

“எந்தச் சிலிக்காரன்?”

“அந்தப் பழைய ஜனாதிபதி. ஆமியை வைச்சு ஆட்சியைப் பிடிச்சு, எத்தினை சனத்தைக் காணாமல் ஆக்கினவன்! வைத்தியத்துக்கு இங்க வந்த இடத்தில பிடிச்சு வைச்சிருந்தவை. வருத்தக்காரன், நோயாளி, வழக்குக்கு நிக்க ஏலாது எண்டு விட்டிட்டினம். ஊரில போய் இறங்கினதும் சக்கர நாற்காலியை விட்டு எழும்பிட்டான்.”

“அவன்ர வருத்தத்தை நம்பிச்சினம். ஆமிக் காம்பில அடிச்சு முறிச்ச என்ர காலை நம்பேல்லையே!”

“நீங்கள் போனமுறை தடியை வெளியில விட்டிட்டெல்லோ உள்ள போனனீங்கள்?”

“டொக்டருக்கு முன்னால தடி ஊண்டிக்கொண்டு போறது மரியாதையே?”

“அந்த மரியாதையாலதான் உங்களுக்கு ஒண்டுமில்லை எண்டு எழுதினவை! இண்டைக்கெண்டாலும் தடியோட போங்கோ.”

“ஓம், ஓம்.”

பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டார். தடியைக் கதிரையில் சாய்த்தார்.

“அண்ணை, தடி!”

அவர் திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, நிமிர்ந்து நடந்தார்.