ஆறு நிமிடப் பாட்டு

அந்தப் படத்தில் நடிப்பைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒளிப்பதிவும் நன்றாகவே இருந்தது. எல்லாரும் பேச வேண்டியதையெல்லாம் பாட்டாகவே பாடிக்கொண்டிருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்ல ஒரு மனிதனுக்கு உரிமை இல்லையா, சார்?

என் மனைவிக்கு அந்தப் படம் என்றால் உயிர். தியேட்டரில் நாலு தடவை பார்த்தாள். அதில் ஒரு காட்சி: அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு கட்டிலில் கிடக்கிறாள்; மகள் பக்கத்தில் நின்று ஆறு நிமிடம் பாடுகிறாள். டாக்டருக்குப் போன் செய்ய அரை நிமிடம் போதுமே என்றேன். நியாயமான கேள்விதான். சாப்பாட்டு மேஜையில் தன் தங்கையை வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்:

“இவருக்கு எந்தச் சத்தம் எவ்வளவுன்னு அளக்கத் தெரியும். அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது.”

இருவரும் சிரித்தார்கள். நான் கை கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அளப்பது என் தொழில். காது மெஷின் பொருத்தும் கடை வைத்திருக்கிறேன். பதினான்கு வருடங்களுக்கு முன்னால் அவளே என்னிடம் வந்தவள்தான். சின்ன வயதுக் காய்ச்சலில் இரண்டு காதும் பாதி போயிருந்தது. நான் மெஷின் மாட்டிவிட்டதும், வெளியே மழை பெய்வது கேட்கிறது என்று அழுதாள். கல்யாணத்துக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெஷினைக் கம்ப்யூட்டரில் மாட்டி நானே சரிபார்ப்பேன். வேறு யார் கையும் அதில் பட்டதில்லை.

அவர்கள் சிரித்த அதே வாரம் சரிபார்க்கும் நாள் வந்தது. மெஷினில் மேல் சுருதிகளை, அதாவது கீச்சென்ற சத்தங்களை, கொஞ்சம் குறைத்து வைத்தேன். மறுநாள் அந்தப் பாட்டைப் போட்டவள் பாதியில் நிறுத்தினாள். போர்வைக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல் இருக்கிறது என்றாள். பாட்டே அப்படித்தான் என்றேன். அடுத்த முறை இன்னும் கொஞ்சம். இரண்டு வருடத்தில் ஏழு தடவை.

காது மோசமாகிறதா என்று கேட்டாள். வயதாகிறதல்லவா என்றேன். வீட்டில் பாட்டு நின்றது, வாக்குவாதமும் நின்றது. அவளுக்குக் கேட்காததை நான் பொறுமையாகத் திருப்பிச் சொல்வேன். அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். கையைப் பிடித்து அவளைச் சாலை கடக்க வைத்தவன் நான்.

காப்பக விஷயத்துக்கு வருகிறேன். அவள் வேலை பார்த்தது ஒரு குழந்தைகள் காப்பகத்தில். அங்கே மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்றின் கை கதவிடுக்கில் சிக்கிக்கொண்டது. இவள் அதே அறையில் முதுகைக் காட்டி நின்று பால் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழந்தை கதறியது அடுத்த கட்டடம் வரை கேட்டதாம். குழந்தைக்கு இரண்டு விரல் போயிற்று. இவளுக்கு வேலை போயிற்று. அந்தத் தாய்க்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதுவாள், கிழிப்பாள், மறுபடி எழுதுவாள். ஒருநாள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“நிஜமாவே எனக்குக் கேக்கலங்க. நீங்களாவது நம்புறீங்களா?”

“நம்புறேன்” என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

மைத்துனிதான் அவளை வேறொரு கடைக்குக் கூட்டிப் போனாள். அங்கிருந்தவர் மெஷினைக் கம்ப்யூட்டரில் மாட்டியதும் நான் குறைத்த ஏழு தேதிகளும் வரிசையாக வந்து நின்றன. காதைச் சோதித்து, என் கடையின் முதல் சோதனைச் சீட்டோடு ஒப்பிட்டுவிட்டு, பதினான்கு வருடமாக அது அப்படியேதான் இருக்கிறது என்றாராம்.

குழந்தையின் அழுகை எந்தச் சுருதியில் இருக்கும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். எங்கள் தொழிலில் முதலில் படிப்பதே அதுதான். விபத்துக்குப் பிறகும் குறைத்தேனா என்றும் கேட்டீர்கள். ஆறாவதும் ஏழாவதும் அதற்குப் பிறகுதான். திடீரென்று ஏற்றியிருந்தால் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். எழுதிக்கொள்ளுங்கள். எதையும் நான் மறுக்கவில்லை.

நேற்று மைத்துனி வீட்டுக்குப் போய், அங்கே தங்கியிருக்கும் என் மனைவிக்கு இதையெல்லாம் ஆரம்பத்திலிருந்து விளக்கினேன். நான் பேச ஆரம்பித்ததும் இரண்டு மெஷினையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அரை மணி நேரம் பேசினேன்; ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நியாயத்தைக் காது கொடுத்துக் கேட்காத ஒருத்தியோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், சார். அதை மட்டும் யாரும் எழுதிக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள்.