ரெண்டு அணிக்கும் ஒரே பக்கம்

கிளம்பாதீங்க மேடம், நடுவரே போயிட்டா எப்படி? ஒரு பத்து நிமிஷம் குடுங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. ஆமா, தப்பு என் மேலதான். விவாத மன்றச் செயலாளர் நான், மெயில் அனுப்பினதும் நான், வேற யார் தலையில கட்ட முடியும்? காலேஜுக்கு வருகைப் பதிவு தேவையா இல்லையான்னு தலைப்பு. ஒரு அணிக்குத் தேவைன்னு போயிருக்கணும், இன்னொரு அணிக்குத் தேவையில்லைன்னு. ரெண்டு பேருக்குமே தேவையில்லைன்னு போயிடுச்சு. இப்போ நாலு பேரும் ஒரே பக்கத்துல உக்காந்துக்கிட்டு எதிர்ல காலி மேஜையைப் பாத்துட்டிருக்காங்க.

மாத்திப் பேசச் சொல்லிக் கேக்காமலா இருப்பேன்? அந்தக் கோட்டு போட்ட உயரமான பையன் சொல்றான், ரெண்டு நாளா மனப்பாடம் பண்ணினதை உள்பக்கம் வெளிய திருப்பிப் போட்டுக்க இது என்ன சட்டையான்னு. கண்ணாடி போட்ட பொண்ணு, மனசாட்சி இடம் குடுக்கலைன்னுட்டா. கிளாஸ் கட் அடிக்கறதுக்கு ஒரு மனசாட்சி. முதல்வர் வேற வாசல்லயே நின்னு சொல்லிட்டுப் போயிட்டார், இன்னைக்கு இது நடக்கலைன்னா மன்றத்தை இழுத்து மூடிட்டு அறையை டேபிள் டென்னிஸுக்குக் குடுத்துடுவாராம்.

ஒரு மெயிலை ஒழுங்கா அனுப்பக் கூடாதான்னு கேக்கறீங்க. கேளுங்க. மூணு வருஷத்துல நாப்பத்தோரு போட்டி நடத்தியிருக்கேன் மேடம். ஹாலுக்கு அனுமதி, மைக்குக்குத் தனி அனுமதி, மைக் வேலை செய்யலைன்னா எலக்ட்ரீஷியன் கால்ல விழறது, கோப்பையில பேர் தப்பா அடிச்சிருந்தா ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கறது, தோத்த அணி அழுதா டிஷ்யூ. நாப்பத்தோரு தடவையில ஒரு பிசகு கிடையாது. இதுதான் முதல் தடவை.

நான் பேச மாட்டேனான்னா கேட்டீங்க? பேசறதுக்குத்தான் சேர்ந்தேன். முதல் வருஷம் தேர்வு நாள், என் பேர் ஏழாவது. நேரம் பாத்து மணி அடிக்கறவன் அன்னைக்கு வரலை. சீனியர் ஒருத்தர் என் கையில மணியைக் குடுத்து, நாலாவது நிமிஷம் ஒண்ணு, அஞ்சாவது நிமிஷம் ரெண்டு, பத்திரமா அடிம்மான்னார். அடிச்சேன். ஆறாவது ஆளுக்கு அடிச்சேன், எட்டாவது ஆளுக்கும் அடிச்சேன். நடுவுல ஒரு ஆள் விட்டுப்போச்சுன்னு யாருக்கும் தோணலை. எனக்கும் வாயைத் திறந்து சொல்லத் தெரியலை. பேச்சுப் போட்டியில சேர வந்தவ!

அன்னையிலருந்து நான் மணியக்கா. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நானே திரும்பிப் பாக்க மாட்டேன். அடுத்த வருஷம் கேட்டுப் பாத்தேன். அக்கா, நீ மேடையில ஏறிட்டா கீழ யாரு பாத்துப்பான்னாங்க. அதுக்கடுத்த வருஷம், உன்னை மாதிரி வேலை செய்ய யாரால முடியும்னாங்க. பாராட்டு மேடம் அது. ஏணியைத் தட்டிக்குடுத்துச் சுவத்துல சாத்திட்டுப் போற மாதிரி. இது கடைசிப் போட்டி. அடுத்த வாரத்தோட எனக்குப் படிப்பு முடியுது.

வேடிக்கை என்னன்னா, வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும்போது நான் வெளிய நிக்கறேன், சாயங்காலம் அவர் பூட்டும்போதும் நிக்கறேன். ஆனா எனக்கு வருகைப் பதிவு அறுபத்தொரு சதவீதம். ஹாலுக்குக் கையெழுத்து வாங்க அலையறவ கிளாஸ்ல எப்படி இருப்பா? அதனாலதான் சொல்றேன், இது தேவை. வந்தவங்களை வந்தாங்கன்னு ஒரு இடத்துலயாவது யாராவது எழுதி வைக்கணும்ல? இல்லைன்னா மூணு வருஷம் கழிச்சு, இங்க இருந்தேங்கறதுக்கு என்ன சாட்சி? நீங்க வக்கீல், உங்களுக்குத் தெரியாததா.

சிரிக்கறீங்க. இல்ல, யோசிச்சுப் பேசலை. சரி, கொஞ்சம் யோசிச்சேன். பையில குறிப்பு இருக்கு, பதினாலு பக்கம். அஞ்சு நிமிஷத்துக்குச் சுருக்கி வெச்சிருக்கேன்.

நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் மேடம். அந்த நாலு பேரும் ஒரு கட்சியா இருக்கட்டும், எதிர்ல நான் ஒருத்தி. பரிசெல்லாம் அவங்களுக்குள்ள போகட்டும், என்னைக் கணக்குல சேக்க வேண்டாம். விதியில இடம் இருக்கு, எட்டாவது விதி, ஆள் குறைஞ்சா நடத்தறவங்க பேசலாம். நான்தான் சேத்தேன். எப்போன்னா... இந்த வருஷம்தான்.

யாரு, மூணாவது வரிசையிலயா? பையை மடியில வெச்சுக்கிட்டுத் தனியா உக்காந்திருக்காங்களே, அவங்களா? எங்கம்மா. ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க, இன்னைக்காவது நீ பேசறியாடின்னு. இல்லம்மா, ஏற்பாடு என்னுதும்பேன். உன் ஏற்பாட்டைப் பாக்க நான் எதுக்குடி ஒரு நாள் கூலியை விடணும்பாங்க. இன்னைக்கு மில்லுல லீவு போட்டுட்டு வந்திருக்காங்க. நான் பேசறேன்னு போன வாரமே சொல்லிட்டேன்.

ஆமா மேடம். மெயில் போனது முந்தாநேத்துதான். அனுப்பறதுக்கு முன்னாடி மூணு தடவை படிச்சுப் பாத்தேன்.

இந்தாங்க மணி. நாலாவது நிமிஷம் ஒண்ணு, அஞ்சாவது நிமிஷம் ரெண்டு. எனக்கும் அடிங்க.