எண்பத்திரண்டு கணு

— அந்த முள்ளு வரியை மட்டும் திரும்பப் படிங்க அண்ணி.

— ரெண்டு தடவை படிச்சாச்சு.

— மூணாவது தடவை படிச்சா வாய் தேஞ்சிடாது. நான் வரைஞ்சதும் நீங்க எழுதினதும் ஒத்துப்போகணும்ல? சும்மாதான் கேக்குறேன்.

— "தண்டைச் சுற்றிய இலையுறை முழுவதும் முட்கள்; சீப்புப் பற்களைப் போலச் சாய்வரிசைகளில் நெருங்கி நிற்பவை; அடி மஞ்சள், நுனி கறுப்பு." போதுமா? நாலு மணிக்கு வண்டி வந்துடும். ஃபைலோட உன் படமும் போகணும். நாளைக்குக் காலையில மலை ரோட்டுக்கு அனுமதி கொடுக்கிற குழு உக்காரும்போது இது அவங்க மேஜையில இல்லேன்னா, அடுத்த வாரமே மலையில மரம் வெட்ட ஆரம்பிச்சிடுவாங்க.

— தெரியும். உலகத்துல வேற எங்கேயும் இல்லாத பிரம்பு, இந்த மலையில மட்டும்தான் இருக்குன்னு நீங்க எழுதிக் கொடுத்தா ரோடு நின்னுடும். மூணு மாசமா வீட்டுல சோத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் இதே பேச்சுதானே.

— அப்போ வரை.

— வரைஞ்சுக்கிட்டேதான் கேக்குறேன். அடுத்த வரி?

— "ஏறு பிரம்பு. புதராகத் தழைத்து, பதினைந்து மீட்டர் வரை பிற மரங்களைப் பற்றி ஏறும்."

— எதை வச்சுப் பத்திக்கிட்டு ஏறுது?

— உறையிலேருந்து சாட்டை மாதிரி நீளமா வருதே, அதுல இருக்கிற கொக்கியை வச்சு. உனக்குத் தெரியாததா? பதினோரு வருஷமா எனக்குப் படம் போடுறே.

— தெரிஞ்சதைத்தான் கேக்குறேன். தெரியாததைக் கேட்டா நீங்க பேச்சை மாத்துறீங்க.

— நான் என்னத்தை மாத்தினேன்?

— இதை எங்கே பார்த்தீங்கன்னு மூணு தடவை கேட்டேன். ஒரு தடவை ஓடைக்கு மேலேன்னீங்க. ஒரு தடவை பாறைக்குப் பின்னாடின்னீங்க. மூணாவது தடவை எனக்குத் தலைவலின்னீங்க.

— இடத்தை வெளியில சொல்றதில்லம்மா. பிரம்பு வெட்டுறவன் காதுல விழுந்தா ஒரே நாள்ல மொட்டையடிச்சுடுவான்.

— நான் பிரம்பு வெட்டுறவளா? உங்க வீட்டுக்காரரோட கூடப் பொறந்தவ.

— அதுக்கில்லம்மா.

— ஞாயித்துக்கிழமை நான் போய்ப் பார்த்தேன்.

— எங்கே?

— மலைக்கு. நீங்களும் அண்ணனும் கல்யாணத்துக்குக் கிளம்பினீங்கள்ல? எனக்கு வயித்துவலின்னேன். வயிறு நல்லாத்தான் இருந்துச்சு.

— தனியாவா போனே? யார் வழி காட்டினா?

— உங்களுக்கு மரம் ஏறிப் பறிச்சுக் கொடுப்பாரே, அவர்தான்.

— அவர் என்ன சொன்னார்?

— பார்த்தீங்களா? பாம்பு கடிச்சுதா, வழுக்கி விழுந்தியான்னு கேக்கலை. அவர் என்ன சொன்னார்னு கேக்குறீங்க. ஒண்ணும் சொல்லலை. வாயில பூட்டு. பிரம்பைக் காட்டிட்டு, போய் ஓடையில காலை நனைச்சுக்கிட்டு உக்காந்துட்டார். நான் எண்ணினேன்.

— எதை எண்ணினே?

— முதல்ல புதரை. ஏழு. அப்புறம் ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எத்தனை காலடின்னு நடந்து பார்த்தேன். எட்டு, எட்டு, எட்டு, எட்டு, ஒன்பது, திரும்ப எட்டு. ஒன்பது வந்த இடத்துல மட்டும் ஒரு பாறை. காட்டுல தானா முளைச்ச செடிக்கு இவ்வளவு ஒழுங்கு எங்கேருந்து வந்துச்சு?

— ஓடைக்கரை நேரா போகுது. தண்ணி போற வழியில விதை ஒதுங்கும். இதுல என்ன அதிசயம்?

— சரி, ஒதுங்கட்டும். கணு? ஒரு இலை உதிர்ந்தா ஒரு கணுன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. ஒவ்வொரு புதர்லயும் இருக்கிறதுலயே பெரிய தண்டைப் பார்த்து எண்ணினேன். அடியில நெருக்கமா இருக்கிறதைத் தடவிப் பார்த்து, மேலே இருக்கிறதை பைனாகுலர்ல பார்த்து. கழுத்து பிடிச்சுக்கிச்சு. எண்பத்திரண்டு. எண்பது. எண்பத்திரண்டு. எண்பத்திமூணு. மிச்சமும் அப்படித்தான்.

— அதனால?

— காடுன்னா கிழடு, நடுவயசு, பால்குடி எல்லாம் கலந்துகட்டி நிக்கும். இங்கே ஏழும் ஒரே வயசு. ஒரே நாள்ல ஸ்கூல்ல சேர்த்துவிட்ட பிள்ளைங்க மாதிரி. நடுவுல ஒரு குட்டிச் செடி கிடையாது. நீங்க தண்டோட பருமனை எழுதியிருக்கீங்க, இலை நீளம் எழுதியிருக்கீங்க, முள்ளோட நிறம்கூட எழுதியிருக்கீங்க. வயசைப் பத்தி ஒரு வரி இல்லை.

— இந்த மாதிரி எழுதுறதுல வயசு சொல்ற வழக்கமே கிடையாது.

— வழக்கம் இல்லையா, தைரியம் இல்லையா?

— நீ என்னை என்னன்னு நினைச்சுப் பேசறே?

— நினைக்கவே பயமா இருக்கு. படத்துக்கு அடியில என் கையெழுத்து இருக்கும். நாளைக்கு ரோடு போடுறவங்க விவரமான ஆளா ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய் இதையே எண்ணினா?

— எண்ண மாட்டாங்க. அவங்களுக்குக் கணுவும் தெரியாது, கிளையும் தெரியாது.

— அப்போ எண்ணினா மாட்டிக்குவோம்னு ஒத்துக்கிறீங்க.

— வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதே.

— சரி, வார்த்தை வேண்டாம். இதைப் பாருங்க.

— என்ன இது?

— என் பழைய படக் கட்டுலேருந்து எடுத்தேன். நீங்க என்னைப் படம் போட உக்கார வச்ச முதல் நாள். தாவர ஆராய்ச்சி ஆபீஸுக்குப் பின்னாடி பழைய தோட்டத்துல, கிணத்துப் பக்கம், பேரில்லாம ஒரு பிரம்பு நின்னுச்சு. இதை வச்சுக் கை பழகுன்னீங்க. பாருங்க. சீப்புப் பல்லு. சாய்வரிசை. அடி மஞ்சள், நுனி கறுப்பு. நாலு நாளா நான் வரையும்போது கை முன்னாடி போகுது, கண்ணு பின்னாடி வருது. ஏன்னு புரியாம கட்டைப் பிரிச்சேன்.

— இன்னுமா வச்சிருக்கே இதை?

— ஒரு காகிதத்தையும் கிழிச்சுப் போடாதேன்னு நீங்கதானே சொன்னீங்க. அண்ணி, அந்தத் தோட்டத்தை அழிச்சுக் கட்டடம் கட்டினது எப்போ?

— உனக்கே தெரியும்.

— உங்க வாயால சொல்லுங்க.

— ஒன்பது வருஷம் ஆச்சு.

— பிரம்பு வருஷத்துக்கு எட்டொன்பது இலை விடும்னு நீங்கதான் சொல்வீங்க. ஒன்பதுன்னு வச்சா எண்பத்தொண்ணு வருது.

— அந்தக் கதவைச் சாத்து.

— சாத்தியாச்சு. சொல்லுங்க.

— புல்டோசர் வந்து வாசல்ல நிக்குது. மறுநாள் தோட்டமே இருக்காது. அந்தப் புதர் அங்கே இருபத்திமூணு வருஷமா நின்னுது. எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. பேர் எழுதின தகரம் துருப்பிடிச்சு உதிர்ந்துபோச்சு. எந்தப் புத்தகத்துலயும் அப்படி ஒரு பிரம்பு இல்லை. உலகத்துக்கே அது ஒண்ணுதான். அதை வாரி லாரியில போடுறதைப் பார்த்துட்டு வந்து நான் சோறு திங்கணுமா? பக்கக்கன்னு ஏழு பிரிச்சேன். வீட்டுக் கொல்லையில வைக்க முடியுமா? அதுக்கு ஏற மரம் வேணும், ஈரம் வேணும், நிழல் வேணும். மலையில வச்சோம்.

— வச்சோமா?

— ஏழையும் நான் ஒருத்தியா தூக்க முடியும்?

— யாரு, அண்ணனா?

— அவரேதான்.

— அடப்பாவி! மூட்டை தூக்கி முதுகு பிடிச்சுக்கிச்சுன்னு ஒரு மாசம் குப்புறப் படுத்துக் கிடந்தாரே! தைலம் தேய்ச்சுத் தேய்ச்சு என் கை ரேகையே போச்சு. எந்த மூட்டைன்னு கேட்டா சிமெண்ட் மூட்டைன்னார்!

— கையெல்லாம் கீறியிருந்துச்சே, அதுக்கு என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கா?

— பூனை பிராண்டிடுச்சுன்னார். நம்ம வீட்டுல ஏது பூனை! நானும் நம்பினேன் பாருங்க. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒன்பது வருஷம். என்கிட்ட மட்டும் மூடி வச்சீங்க. ரோடு, குழு எல்லாம் அப்புறம் அண்ணி. எனக்கு இதுதான் வலிக்குது.

— உன்கிட்டச் சொன்னா நீ எங்களுக்காகப் பொய் சொல்ல வேண்டியிருக்கும். உனக்கு அது வராது. வயித்துவலியைக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியலை. பஸ்ல உன் அண்ணன் அதையே சொல்லிச் சிரிச்சுக்கிட்டு வந்தார்.

— பேச்சை மாத்தாதீங்க.

— மாத்தலை. ஊரை ஏமாத்தணும்னு நான் நடலைம்மா. பிழைச்சா போதும்னு நட்டேன். அப்போ ரோடு வரும்னு யாருக்குத் தெரியும்? மூணு மாசம் முன்னாடி வரைபடத்தை விரிச்சுக் காட்டினாங்க. சிவப்புக் கோடு அந்த ஏழு மேலயும்தான் போகுது. ஒரு தடவை காப்பாத்தினதைத் திரும்பவும் புல்டோசருக்கே கொடுக்கவா? நட்டதுன்னு சொன்னா, பிடுங்கி வேற இடத்துல வைங்கன்னுடுவாங்க. ஏறி மரத்தோட பின்னிக்கிட்டதைப் பிடுங்கினா செத்துப்போகும். அதான், "இயல்பாக வளர்வது"ன்னு ரெண்டே வார்த்தை எழுதினேன். மத்ததெல்லாம் நிஜம். ஒரு மில்லிமீட்டர்கூடப் பொய் கிடையாது.

— அந்த ரெண்டு வார்த்தைதானே அண்ணி ரோட்டை நிறுத்தப்போகுது.

— எனக்குத் தெரியாதா? அதை எழுதின நாள்லேருந்து எனக்குத் தூக்கம் போச்சு. இப்போ என்னை என்ன பண்ணச் சொல்றே?

— அந்த ரெண்டு வார்த்தையை அடிச்சிடுங்க.

— மலை போயிடும்.

— போகட்டும்னு சொல்ல எனக்கு மட்டும் ஆசையா? ஆனா அவங்களா கண்டுபிடிச்சா மலையும் போகும், நீங்களும் போவீங்க. அப்புறம் எந்தக் காட்டுக்காகவும் நீங்க வாயைத் திறக்க முடியாது.

— பேனாவைக் கொடு.

— இந்தாங்க.

— "நட்டு வளர்க்கப்பட்டது. பிறப்பிடம் தெரியவில்லை." எழுதியாச்சு. சந்தோஷம்தானே?

— சந்தோஷமா இருந்தா நான் ஏன் மூக்கைச் சிந்திக்கிட்டு நிக்கிறேன்?

— வண்டி வந்தா திருப்பி அனுப்பிடு. இதை வச்சு ஒண்ணும் ஆகப்போறதில்லை.

— அனுப்ப மாட்டேன். ரோடு நிக்காட்டியும் செடிக்கு ஒரு பேராவது கிடைக்கட்டும். எனக்குக் காய் மட்டும்தான் பாக்கி. நெடுக்கா வெட்டிப் பார்த்துப் போட்டா முடிஞ்சுது.

— காயை விடு. வெளித்தோற்றத்தோட நிறுத்திக்கோ.

— ஏன்? அதுல என்ன மறைக்கிறீங்க?

— மறைக்க என்ன இருக்கு, உள்ளே ஒண்ணுமே இருக்காது. தோட்டத்துல இருந்தப்ப வருஷா வருஷம் பூத்துச்சு. பூவெல்லாம் கொட்டிடும். நாலஞ்சு மட்டும் நின்னு காய் மாதிரி உப்பும். வெட்டினா வெறும் காத்து. பிரம்புல ஆண் செடி வேற, பெண் செடி வேற. அது பெண். அதுக்கு ஆணே கிடையாது. அதுலேருந்து பிரிச்ச ஏழும் பெண்தான். மலையில இந்த வருஷம்தான் முதல் தடவையா பூத்துச்சு. காலையில அந்த மரம் ஏறுறவர் காய்க் கொத்தைக் கொண்டுவந்து கொடுத்தார், ஸ்பிரிட் ஜாடியில போட்டு மூடிட்டேன். திரும்பவும் அந்த வெறுங்கூட்டைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

— காலியா இருந்தா காலின்னு வரையணும். இன்னிக்கு இனிமே இந்த ரூம்ல எதுவும் மூடி இருக்கக் கூடாது. பிளேடு எங்கே?

— டிராயர்ல. மெதுவா, காய் மேல இருக்கிற செதில் வழுக்கும்.

— ம்.

— என்ன?

— போக மாட்டேங்குது.

— கையை வெட்டிக்கிட்டியா?

— இல்லை. உள்ளே என்னமோ கல்லு மாதிரி தட்டுது. லென்ஸைக் கொடுங்க.

— புழு அரிச்சு இறுகியிருக்கும். வேற ஒண்ணு வெட்டு.

— வெட்டிட்டேன். இதுலயும் இருக்கு. வெள்ளையா, கெட்டியா, ஒரு ஓரத்துல குட்டியா முளை. மூணாவதுலயும் இருக்கு அண்ணி. எல்லாத்துலயும் விதை.

— தள்ளு. நான் பார்க்கிறேன். இருக்காதே. எப்படி இருக்கும்?

— வேற பிரம்பு ஏதாவது பக்கத்துல நிக்குதா?

— கீழ்ச்சரிவு முழுக்க நான் தேடியிருக்கேன். எந்தப் பிரம்பும் கிடையாது. மேலே அந்தச் செங்குத்துப் பாறைக்கு அந்தாண்டை மட்டும் யாரும் போனதில்லை.

— நீங்களும் அண்ணனும் அந்த ஏழைத் தவிர வேற எதையும் நடலையே? இப்பவாவது நிஜத்தைச் சொல்லுங்க.

— நடலை. உன் அண்ணன் மேல சத்தியமா நடலை.

— அப்போ நீங்க நடுறதுக்கு முன்னாடியே, யாரும் நடாம, அந்த மலையில இதுங்களுக்குன்னு ஒரு ஆம்பளை நின்னுக்கிட்டிருக்கான் அண்ணி.