தண்ணீர் கேட்டவனுக்குப் பால்

— பைய பேசுங்க மைனி. உள்ள ஒராளு ஒறங்குதான்.

— ஆரு? ஒனக்க வீட்டுக்காரன் நாகர்கோவிலுக்குல்லா போயிருக்கான்? ஏட்டி நேசபாய், கதவுக்குப் பின்னால என்ன கெடக்கு? தொப்பியா? போலீஸ் தொப்பியா?

— கையைப் பிடிச்சுக் கேக்கேன், சத்தம் வேண்டாம். மழையோட மழையா ஓடி வந்து அடுக்களை வாசல்ல விழுந்தான். சின்ன இன்ஸ்பெக்டராம். கல்லெறியில காலு கிழிஞ்சு கெடக்கு.

— காலு கிழிஞ்சிட்டா? எனக்க சேலையைப் பாரு. இது ஆருக்க ரெத்தம்ணு நெனச்ச?

— ஐயோ, மைனி...

— ஆபேலுக்க ரெத்தம். எனக்க மவனுக்க ரெத்தம். நம்ம ஊரு தமிழ்நாட்டோட சேரணும்ணு கொடி பிடிச்சிட்டுப் போனான், வேற என்ன செய்தான்? சந்தை முக்குல போலீஸ்காரனுவ துப்பாக்கி எடுத்து வெடி வச்சானுவ. வயித்துல பட்டுட்டு. வண்டியில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவ. பெத்த தள்ளை ஏற எடம் இல்லியாம். ஒரு சேலை மாத்திட்டு நடந்தே போயிருவோம்ணு இஞ்ச வந்தா, நீ இவனுக்குப் பாய் விரிச்சு வச்சிருக்க!

— பிள்ளை பேசினானா மைனி?

— அம்மாண்ணு ஒரு விளி. அதுக்கு மேல இல்ல. இவனா வெடி வச்சது? கேட்டியா?

— கேட்டேன். புகைக்குள்ள ஒண்ணும் தெரியல்லண்ணான். சொல்லிட்டு அழுதான். கோட்டயம் பக்கத்துப் பையன். கைத்துப்பாக்கியை ஓடையில எறிஞ்சிட்டானாம்.

— நீ அழுகையைக் கண்டு உருகிட்டாக்கும். என்ன குடுத்த?

— குடிக்க வெள்ளம் கேட்டான். பானையில பொட்டு வெள்ளம் இல்ல. கிணத்தடிக்குப் போனா ஆளுவ பாத்திரும். ஆட்டுப்பால் கறந்தது இருந்துது, கிண்ணத்துல ஊத்திப் பக்கத்துல வச்சேன். கெடந்து நடுங்கினான், போர்வை போத்தினேன்.

— வெள்ளம் கேட்டான், பாலு குடுத்த. போர்வையும் போத்தின. ஏட்டி, நீ உபதேசியாருக்க மவதானே? இது வேதத்துல எங்க வருதுண்ணு தெரியல்லியா?

— மைனி, வேண்டாம்.

— யாகேல்! சண்டையில தோத்து ஓடி வந்தான் சேனாபதி சிசெரா. அவளுக்க கூடாரத்துக்குள்ள வந்து வெள்ளம் கேட்டான். அவ பாலு குடுத்தா. போர்வை போத்தினா. அவன் ஒறங்கினான். பெறவு அவ என்ன செய்தா? சொல்லு.

— எனக்க வாயால சொல்ல மாட்டேன்.

— நான் சொல்லுதேன். கூடாரத்து முளையை எடுத்து அவனுக்க நெத்திப்பொட்டுல வச்சு அடிச்சா. தரையோட சேத்து அடிச்சா. வேதம் பாவியிண்ணா சொல்லுது அவளை? பாக்கியவதிண்ணு பாடி வச்சிருக்கு. கர்த்தர் இவனை நமக்க கையில தந்திருக்காரு. ஒனக்க ஆடு கெட்டுத இரும்பு முளை எங்க? இந்நா இருக்கு.

— ஐயோ, கீழ வையுங்க! கர்த்தருக்குச் சாட்சியா, நான் அதை நெனைக்கவே இல்ல. தாகம்ணான், குடுத்தேன்.

— நீ நெனைக்கல்லண்ணா அவரு நெனச்சிருக்காரு. விலகு பிள்ளே.

— விலக மாட்டேன். எலிசாவும் அதே வேதத்துலதானே இருக்காரு? எதிரிப் பட்டாளம் கண்ணு தெரியாம ஊருக்கு நடுவுல வந்து நிண்ணுது. வெட்டட்டுமா, வெட்டட்டுமாண்ணு ராஜா துள்ளினான். அப்பமும் வெள்ளமும் குடுத்து வீட்டுக்கு அனுப்பி விடுண்ணாரு. விருந்தே வச்சானுவ. பெறவு அந்தப் பட்டாளம் அந்தப் பக்கம் வரல்ல.

— அவரு தீர்க்கதரிசி. அவருக்க பிள்ளை வயித்துல குண்டோட வண்டியில கெடக்கல்ல. நான் தள்ளை.

— அப்பம் தள்ளையைப் பத்திக் கேளுங்க. யாகேலைப் பாடுத பாட்டு எப்பிடி முடியுது?

— விழுந்தான், செத்தான். முடிஞ்சாச்சு.

— இல்ல மைனி. அதுக்கும் பெறவு ஒரு பெண்ணு வாறா. சிசெராவைப் பெத்தவ. சன்னல்ல வந்து நிக்கா. மவனுக்க ரதம் ஏன் இன்னும் வரல்ல, சக்கரச் சத்தம் ஏன் கேக்கல்லண்ணு பாத்துட்டு நிக்கா. எதிரிக்க தள்ளைதானே, அவளை எழுதாம விட்டிருக்கலாம். கர்த்தர் விடல்ல. ஆபேலை ஏத்திட்டுப் போன வண்டியைப் பாத்து நீங்க ரோட்டுல நிண்ணிருப்பியளே, இதே மாதிரித்தான் அவளும் நிண்ணிருப்பா.

— வாயை மூடு.

— கோவப்படாதீங்க மைனி...

— வாயை மூடுண்ணேன்! ஆளு வருது. கேக்கல்லியா? கம்பும் கல்லுமா வாறானுவ. கிருஷ்ணமணிதான் முன்னால.

— மைனி, எங்க போறிய? முளையை வச்சிட்டுப் போங்க. கதவைத் திறக்காண்டாம், மைனி!

— ராஜபாயக்கா! இந்தப் பக்கம் ஒரு போலீஸ்காரன் நொண்டிட்டு வந்தானா?

— இல்ல கிருஷ்ணமணி. இஞ்ச நானும் நாத்தினாரும் மட்டும்தான்.

— கையில என்ன, முளையா?

— ஆடு அவுந்து போச்சு, கெட்டப் போறேன். நீ இஞ்ச நிண்ணு நேரம் களையாண்டாம் மக்கா. ஆஸ்பத்திரியில ஆபேல் தனியா கெடக்கான். அங்கோட்டுப் போ. தள்ளை பொறத்தால வாறாண்ணு அவனுக்க காதுல சொல்லு.

— சரியக்கா. ஏலே, வாங்கலே, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.

— மைனி... போயாச்சா?

— போயாச்சு. நேசபாய், இந்த முளையை எனக்க கையில இருந்து வாங்கி அங்க வையி. அவனை எழுப்பு. அவனை வழியனுப்பிட்டு நானும் போணும்.

— தம்பி, எழும்புங்க. அவனுவ போயாச்சு. இதென்ன, பாலு தொடாம அப்பிடியே இருக்கே?

— பயந்து பேடிச்சுப் போயி, அம்மச்சி. வெள்ளம் கேட்டேன், பாலு தந்திய. பெறவு போர்வை. நானும் வேதம் படிச்ச வீட்டுப் பிள்ளைதான்.

— அப்பம் நீங்க ஒறங்கல்லியா?

— கண்ணை மூடினேன். ஒறங்கல்ல.

— நான் பேசினது எல்லாம் கேட்டியாடே?

— எல்லாம் கேட்டேன், அம்மச்சி.

— அந்தக் கிண்ணத்தை இஞ்ச தா நேசபாய். நல்லாப் பாத்துக்கோ தம்பி. நான் ஒரு வாய் குடிச்சாச்சு. இதுல ஒண்ணும் இல்ல, பாலுதான். ஒனக்க அம்மையும் எந்தச் சன்னல்ல நிக்காளோ. இந்நா, பிடி.

— கை வராது, அம்மச்சி.

— ஏன்? கையிலயும் கல்லெறியா?

— இல்ல. ஓடையில எறிஞ்சேன்ணு சொன்னது பொய். துப்பாக்கி போர்வைக்குள்ள இருக்கு. நீங்க முளையை எடுத்தது காதுல விழுந்ததுல இருந்து உங்க நெஞ்சுக்கு நேரேதான் பிடிச்சிருக்கேன். விரலு விறைச்சுப் போச்சு, பிரிக்க முடியல்ல. அம்மச்சி, பைய வந்து, எனக்க கையில இருந்து அதை வாங்கிருங்க.