‘படம்’ என்று சொன்னது நானே

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அன்பிற்குரிய ரவீந்திரன் அவர்களே! முன்வரிசையில் கைகட்டி அமர்ந்து என்னை எடைபோட்டுக்கொண்டிருக்கும் மூத்தோர்களே! வெயிலென்றும் பாராமல் விசிறியோடு வந்திருக்கும் தாய்மார்களே! குளுவாங் தமிழர் உதவி மன்றத்தின் உறவுகளே! உங்கள் செயலாளர் சோமசேகரத்தின் வணக்கம்.

நம் கணினியில் லினக்ஸ் போட்ட கதையைப் பேச வந்திருக்கிறேன். ஏன் கொட்டாவி, ஐயா? பொறுங்கள். இந்தக் கதையில் ஒரு பெண்ணின் பிறப்பே தொலைந்துபோயிருக்கிறது!

நான் சந்தேகப் பிராணி. முப்பத்திரண்டு ஆண்டு அரசாங்க வேலையில், முத்திரையைத் தடவிப் பார்க்காமல் ஒரு தாளையும் நகரவிட்டதில்லை. என் மனைவி யோகம் தரும் தேநீரையும் மோந்து பார்த்துத்தான் குடிப்பேன். நீங்கள் சிரிக்கிறீர்கள், அவர் சிரிக்கவில்லை, பாருங்கள்.

நம் பழைய கணினி மூச்சு வாங்கியது. லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளம் போட்டால் மறுபடி ஓடும் என்றார்கள். இருவர் முன்வந்தார்கள். தெப்ராவ் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஜீவன் சொன்னார்: “சார், அடியிலேர்ந்து போடுறேன். டிஸ்க்கப் பிரிச்சு, ஒவ்வொரு ஃபோல்டரையும் திறந்து பார்த்து, வேணுங்கிறத ஒண்ணொண்ணா ஏத்தணும். மூணு சனிக்கிழமை ஆகும்.”

குணாளன் சொன்னார்: “எதுக்கு சார் அவ்ளோ? பென்டிரைவ்ல எல்லாம் ரெடியா இருக்கு. சொருகுனா இருபது நிமிசம். சியாப் லா, வேலை முடிஞ்சிரும்!”

சந்தேகப் பிராணி யாரைச் சந்தேகித்தான்? மூன்று சனிக்கிழமையா? மூடிய அறையிலா? முழு டிஸ்க்கையும் திறந்தா? நம் மக்களின் தாள்களை இவர் ஏன் பார்க்க வேண்டும்? ஜீவனைத் திருப்பி அனுப்பினேன். யாரோ, எங்கோ, எல்லாவற்றையும் முடிவுசெய்து அடைத்துத் தந்த பென்டிரைவை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினேன்!

அந்தக் கணினியில் என்ன இருந்தது? குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை கிடைக்காமல், சிவப்பு அட்டையோடு காத்திருக்கும் நாற்பத்தொரு பேரின் பிறப்புத் தாள்களைப் படமெடுத்து வைத்திருந்தோம். அந்த ஃபோல்டருக்கு ஆங்கில எழுத்தில் ‘படம்’ என்று பெயர் வைத்தவன் நான்.

குணாளன் மற்றவற்றை நகலெடுத்துக்கொண்டே கேட்டார்: “சார், இது படம்தானே?”

“ஆமாம், படம்தான்!” பெருமையாகச் சொன்னேன்.

அவரோ நாள் முழுதும் மலாயில் பேசி வேலை பார்ப்பவர். மலாயில் ‘படம்’ என்றால் அழி! அழிக்க வேண்டியது என்று எண்ணி அதை நகலெடுக்காமல் விட்டார். டிஸ்க்கைத் துடைத்தார். இருபது நிமிடம். சியாப்!

நாற்பது பேருக்கு மூலத்தாள் வீட்டில் இருக்கிறது. கருப்பாயி அம்மாவுக்கு இல்லை. லாபிஸ் பக்க ரப்பர்த் தோட்டத்தில் மருத்துவச்சி எழுதிக்கொடுத்த சீட்டு, நாம் படமெடுத்த பிறகு வெள்ளத்தில் கரைந்துவிட்டது. இதோ, என் எதிரேதான் அமர்ந்திருக்கிறார். அறுபது வயதில், பிறந்த மண்ணில், தான் பிறந்ததை மெய்ப்பிக்க வேண்டியவர். ஜீவனைக் கெஞ்சி அழைத்து வந்தேன். துடைத்த டிஸ்க்கை ஒன்பது நாள் தோண்டினார். அந்தச் சீட்டின் படம் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது, தாய்மார்களே.

வேகம் வேண்டாமா? வேண்டும்! அந்தக் கணினி இன்று பறக்கிறது. இந்த விழா அழைப்பிதழை அதில்தான் அடித்தோம். ஆனால் வேகத்தில் ‘இது என்ன?’ என்று ஒரே முறை கேட்டோம். திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். திறந்து பார்க்க வந்தவரைத்தான் நான் திருடனைப் போலப் பார்த்தேன். தம்பி ஜீவன், என்னை மன்னித்துவிடுங்கள்.

பெரியோர்களே! பிறப்பை அறிந்தவர் சத்தியப் பிரமாணம் செய்தால் விண்ணப்பத்தோடு இணைக்கலாம் என்கிறார்கள். அறிந்தவர் உண்டா? இந்த அவையில் ஒருவரேனும் உண்டா?

யார் அது, தூணோரம்? எழுந்திருங்கள், அம்மா. பெயர் வாசுகியா? கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களையும் சந்தேகிக்கிறேன். என்ன தெரியும் உங்களுக்கு?

“எனக்கு அப்ப எட்டு வயசு சார். அவங்கம்மாவுக்கு பால்மரம் சீவுற நிரையிலேயே வலி கண்டிருச்சு. எங்கம்மா பால் வாளியப் போட்டுட்டு ஓடுனாங்க. பாலெல்லாம் கொட்டி, தோட்டத்து ஆபீஸ் கிராணி ஏசுனாரு. அதனால புள்ளைய நாங்க வாளின்னுதான் கூப்பிடுவோம். ஏ வாளி!”

அவையோரே, அந்தப் பெயரை நான் இன்றுதான் கேட்கிறேன். ஆனால் கருப்பாயி அம்மா “என்னக்கா?” என்று எழுந்து நிற்கிறார், பாருங்கள்!

தலைவர் அவர்களே, எனக்கு இனிச் சந்தேகம் இல்லை. திங்கட்கிழமை காலை இருவரையும் பதிவிலாகாவுக்கு நானே அழைத்துச் செல்கிறேன். என் தவற்றைப் பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி. வணக்கம்.