தீர்த்தத்தில் போட்ட பூ

— தம்பி நிஷான், போனில அனுப்பின பூப் படம் வந்ததோ? கெதியாப் பாரடா.

— வந்தது வித்தியாக்கா, ஒண்டும் விளங்கேல்லை. படம் கலங்கிப்போய்க் கிடக்கு. நான் இஞ்ச லாசால் நர்சரியில கண்டுகளுக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நிக்கிறன். என்ன அவசரம்?

— அது நஞ்சுப் பூவோ எண்டு சொல்லு. வீட்டுத் துளசி பட்டுப்போச்சு. பின்வளவு தாண்டி அந்தக் காய்ஞ்ச வெளியில நிண்டதை முறிச்சுத் தீர்த்தச் செம்புக்குள்ள போட்டனான். அத்தான் குடிச்சிட்டார்.

— ஐயோ அக்கா! பேர் தெரியாததைப் போய் ஆரும் போடுவினமோ? அத்தான் எப்பிடி?

— சத்தி எடுத்தவர். வேர்த்துக் கொட்டுது. செற்றியில சரிஞ்சு கிடக்கிறார். எனக்குப் பயமாக் கிடக்கடா.

— முதல்ல 911 அடியுங்கோ. நான் இப்ப வெளிக்கிட்டாலும் பியர்பொன்ட்ஸில உங்கட வீட்டுக்கு வர முக்கால் மணித்தியாலம்.

— அடிச்சாப் பொலிசும் வரும். புருசனுக்கு என்னத்தைக் குடுத்தனீ எண்டு கேட்டா என்னெண்டு சொல்லுறது? என்ர கையாலதானே குடுத்தனான். மாமி என்னை உயிரோட விடுவாவோ? நீ முதல் பூவைச் சொல்லு.

— உங்கட பிடிவாதம்! சரி, கெதியா. முறிச்சாப் பால் வருதோ?

— பொறு... இல்லை.

— பூ மஞ்சளோ? குடை மாதிரி விரிஞ்சதோ?

— இல்லையடா, ஊதா. தலை இழுக்காத பெட்டை மாதிரிக் குழம்பிப்போய் நிக்குது.

— தண்டை விரலுக்க வைச்சு உருட்டிப் பாருங்கோ.

— உருளேல்லை. நாலு பட்டை. துளசித் தண்டு போலத்தான்.

— இலை?

— சோடி சோடியா. விளிம்பெல்லாம் பல்லுப் பல்லா.

— கசக்கி மணந்து பாருங்கோ.

— கற்பூரவள்ளி! அச்சொட்டாக் கற்பூரவள்ளி மணம். அந்த மணத்தை நம்பித்தானே பாவி நான் போட்டனான்!

— அக்கா, அழாதேங்கோ. அது மொனார்ட். இந்த நாட்டுச் செடிதான், காய்ஞ்ச வெளி, வெட்டையான காடு எண்டு எல்லா இடமும் நிக்கும். துளசியின்ர சாதி. இஞ்சத்தைச் சனம் அதில தேத்தண்ணி போட்டுக் குடிக்குது.

— என்னைத் தேற்றச் சொல்லேல்லையே?

— சத்தியமா அக்கா. நாங்கள் விக்கிற கண்டு. நானே குடிச்சிருக்கிறன். ஒரு மிடறு தீர்த்தம் ஒண்டும் செய்யாது.

— அம்மாளாச்சி, என்னைக் காப்பாத்திப்போட்டாய்! இஞ்சாருங்கோ, கேட்டியளே, பூவில பிழை இல்லையாம். இஞ்சாருங்கோ...

— அக்கா, பொறுங்கோ. பூவில பிழை இல்லையெண்டா அத்தானுக்கு ஏன் வேர்க்குது?

— ஆ?

— எப்ப தொடங்கினது? தீர்த்தம் குடிச்சு எவ்வளவு நேரத்தால? சொல்லுங்கோ அக்கா!

— தம்பி... நெஞ்சுக்க என்னவோ அமத்துது எண்டு இவர் சொன்னாப் பிறகுதானேடா நான் தீர்த்தமே குடுத்தனான்.